குறைந்த பணத்தில் நல்ல பைனாகுலர்

பறவை பார்க்கத் தொடங்கும் யாரும் சில வாரங்களிலேயே பைனாகுலர் வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கடைக்குப் போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதுதான். கடைக்காரரும் பத்து மடங்கு, இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று எடுத்து அடுக்குவார். அதிக எண் இருப்பதே நல்ல கருவி என்று நினைத்து வாங்கிப் போகிறவர்களில் பலர் இரண்டு மூன்று முறை பயன்படுத்திவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பறவை பார்ப்பதே தமக்கு வராது என்று ஒதுங்கியும் போகிறார்கள். இந்த இழப்பு தேவையற்றது. செலவழிக்கப் பத்தாயிரம் ரூபாயோ அதற்குச் சற்றுக் குறைவோதான் இருக்கிறது என்றால், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது உருப்பெருக்கத்தை. அடுத்து, மெலிந்த அழகான தோற்றத்தை. இந்த இரண்டையும் விட்டால் மிச்சமாகும் பணத்துக்கு, கண்ணுக்குள் வந்து சேரும் வெளிச்சத்தை வாங்கலாம். இதற்கான காரணங்கள் பள்ளி இயற்பியலைத் தாண்டாதவை.

ஒவ்வொரு பைனாகுலர் மீதும் இரண்டு எண்கள் இருக்கும். 8×42 என்றால், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். எண்பது மீட்டர் தொலைவில் நிற்கும் நாரை பத்து மீட்டர் தொலைவில் நிற்பதுபோல் தெரியும். இந்த இரண்டு எண்களையும் வகுத்தால் இன்னொரு முக்கியமான எண் கிடைக்கும். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25. கருவியின் கண்வில்லை வழியாக வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் ஐந்து, இளம் வயதினருக்கு ஏழு மில்லிமீட்டர் வரைகூட விரியும். முப்பது மடங்கு பெரிதாக்கும் 60 மில்லிமீட்டர் கருவியில் ஒளிக்கற்றை வெறும் இரண்டு மில்லிமீட்டர்தான். பாவை ஐந்து மில்லிமீட்டர் விரிந்திருக்கும் விடிகாலையில், கண் ஏற்கத் தயாராக இருக்கும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குகூட அதற்குள் போகாது. பறவைகள் அதிகம் நடமாடுவது அந்த நேரத்தில்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உச்சி வெயிலில் இந்த வேறுபாடு குறையும் என்பதும் உண்மை. உச்சி வெயிலில் பறவைகள் நிழலுக்குள் போய்விடும் என்பதும் உண்மை.

இந்த வகுத்தல் கணக்கு தெரிந்தவர்களைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு வகைக் கருவி ஏமாற்ற முடியாது. சுற்றுலாத் தலங்களின் சாலையோரக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும், சட்டைப் பையில் அடங்கும் மடக்குப் பைனாகுலர்கள் 30×60 என்ற அச்சோடு விற்கப்படுகின்றன. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து அதன் முன் லென்ஸை அளந்தாலே போதும். அறுபது மில்லிமீட்டர் என்றால் ஆறு சென்டிமீட்டர்; அந்தக் கருவியின் மொத்த அகலத்திலேயே அப்படி இரண்டு லென்ஸ்களுக்கு இடம் இராது. இன்னொரு சான்றை அவர்களே அச்சடித்துத் தருகிறார்கள். அதே கருவியின் மீது "126 மீ / 1000 மீ" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் தொலைவில் 126 மீட்டர் அகலமுள்ள காட்சி ஒரே பார்வையில் தெரியும் என்பது அதன் பொருள். இது எட்டு மடங்குக் கருவிக்கு உரிய எண். உண்மையிலேயே முப்பது மடங்கு பெரிதாக்கும் கருவியில் இது நாற்பது மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆக, ஒரே கருவியின் மீது அச்சிட்ட இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. வாங்குபவருக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ மாணவர்களின் சேமிப்பு வீணாகாமல் இருக்கும்.

சரி, நேர்மையான நிறுவனம் ஒன்று உண்மையான இருபது மடங்குக் கருவியைத் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏன் வாங்கக் கூடாது? கை நடுங்குவதால். எவ்வளவு உறுதியான கையும் சற்று அசையும். மூச்சும் நாடித் துடிப்பும் போதும். கருவி பறவையை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ அத்தனை மடங்கு இந்த அசைவையும் பெரிதாக்கும். எட்டு மடங்கில் இது பொறுக்கும்படி இருக்கும். பத்து மடங்கைப் பழகிய கைகள் சமாளிக்கும். அதற்கு மேல் முக்காலி இல்லாமல் பார்த்தால், இறகின் விளிம்பு துல்லியமாகத் தெரிவதற்குப் பதிலாகக் காட்சி முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும். அதிகப்படியான உருப்பெருக்கத்துக்குக் கொடுத்த காசை நடுக்கம் தின்றுவிடுகிறது. இதைவிடவும் தொடக்கநிலைக்காரர்களைச் சோர்வடையச் செய்வது பார்வைப்புலம் குறுகுவது. எட்டு மடங்குள்ள நல்ல கருவி ஆயிரம் மீட்டரில் 140 மீட்டர் அகலம் காட்டும். இருபது மடங்குக் கருவி அறுபது மீட்டர்கூடக் காட்டாது. வீட்டுத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால், இருபது மீட்டர் தள்ளி நிற்கும் செம்பருத்திப் புதரில் முதல் கருவிக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம் தெரிகிறது, இரண்டாவதற்கு ஒரு மீட்டரை ஒட்டித்தான்.

அந்தச் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு வந்து அமர்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பூவில் இரண்டு மூன்று நொடி, அடுத்த பூவுக்குத் தாவல், பிறகு காம்பில் தலைகீழாக ஒரு தொங்கல். குறுகிய புலத்தோடு தேடுபவர் கிளையைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் குருவி பறந்துவிடும். கண்டுபிடித்தவருக்கும் அடுத்த சோதனை காத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் ஊதாத் தேன்சிட்டின் ஆணும் லோட்டன் தேன்சிட்டின் ஆணும் மங்கிய வெளிச்சத்தில் ஒரே கறுப்புக் குருவியாகத் தெரியும். லோட்டனின் அலகு இன்னும் நீளம், வளைவும் கூடுதல், வயிறு பழுப்பு. ஊதாத் தேன்சிட்டின் வயிறு கருநீலமாகவே இருக்கும். இந்தப் பழுப்பையும் கருநீலத்தையும் பிரித்துக் காட்டுவது பறவையின் பெரிய உருவம் இல்லை, கருவி கடத்தித் தரும் வெளிச்சமும் நிறத்தின் உண்மையும்தான். எட்டு மடங்கில் பளிச்சென்று தெரியும் வயிறு, மங்கலான பதினாறு மடங்கில் பெரிய கறுப்புத் திட்டாக மட்டும் தெரியும்.

வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று பார்த்தால், பணத்தை எங்கே போட வேண்டும் என்பதும் புரியும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள்ளும் கண்ணாடியிலிருந்து காற்றுக்குள்ளும் ஒளி நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நான்கு சதவீதம் திருப்பி எறியப்படுகிறது. எளிய பைனாகுலர் ஒன்றின் ஒரு குழாயில் மட்டும் லென்ஸ்களும் பட்டகங்களுமாக இப்படிப் பத்துப் பரப்புகள் இருக்கும். நூறில் தொண்ணூற்றாறு வீதம் பத்து முறை பெருக்கிப் பார்த்தால், உள்ளே போன ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்ணுக்கு வருகிறது. தொலைந்த ஒளி சும்மாவும் இருப்பதில்லை. குழாய்க்குள் இங்கும் அங்கும் தெறித்துக் காட்சியின் மீது வெள்ளை மூட்டமாகப் படிகிறது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாந்தர் ஸ்மாக்குலா 1935-இல் இதற்கு வழி கண்டார். கண்ணாடியின் மீது மிக மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றினால் இந்தப் பிரதிபலிப்பு குறைகிறது. ஓர் அடுக்குப் பூச்சு அதை ஒன்றரை சதவீதத்துக்கும், பல அடுக்குப் பூச்சு அரை சதவீதத்துக்கும் கொண்டுவரும். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருந்தால், பத்துப் பரப்புகளைக் கடந்த பின்னும் தொண்ணூற்றைந்து சதவீத ஒளி மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தை உருப்பெருக்கத்தைக் கூட்டி ஈடு செய்யவே முடியாது. அட்டைப் பெட்டியில் "கோட்டட்" என்றிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூச்சு உண்டு என்று மட்டும் பொருள். "மல்டி கோட்டட்" என்றால் சில பரப்புகளில் பல அடுக்கு. நாம் தேட வேண்டிய சொல் "ஃபுல்லி மல்டி கோட்டட்". தக்காளிச் சிவப்பில் மின்னும் லென்ஸ்களை விலக்கிவிடுங்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி எறிவதால்தான் அவை சிவப்பாகத் தெரிகின்றன. கண்ணுக்கு வரும் காட்சியில் அந்தச் சிவப்பு குறைந்து எல்லாம் பச்சை தட்டிப்போகும்.

அடுத்தது தோற்றம். பைனாகுலரில் இரண்டு உடலமைப்புகள் உண்டு. முன் லென்ஸ்கள் அகன்று நிற்க, குழாய்கள் வளைந்து வரும் பழைய வடிவம் போரோ. நேரான இரண்டு குழாய்களாக மெலிந்திருக்கும் புதிய வடிவம் ரூஃப். தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் பட்டகங்களின் அமைப்புதான் வேறுபாடு. இத்தாலியரான இஞ்ஞாசியோ போரோ 1854-இல் தன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அன்று கிடைத்த கண்ணாடி அதற்குப் போதுமானதாக இல்லை. எர்ன்ஸ்ட் அபே, ஓட்டோ ஷாட் போன்றவர்கள் யேனா நகரில் நல்ல கண்ணாடியை உருவாக்கிய பிறகு, சைஸ் நிறுவனம் 1894-இல் அந்த அமைப்பில் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போரோ பட்டகத்தின் சிறப்பு, அதன் உள்ளே ஒளி திரும்பும் எல்லா இடங்களிலும் முழு அகப் பிரதிபலிப்பு நிகழ்வது. கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லாமலே ஒளி முழுவதும் திரும்புகிறது. மெலிந்த ரூஃப் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் பட்டகத்தில் ஒரு பரப்பு அப்படித் திருப்பாது. அதற்கு உலோகப் பூச்சு வேண்டும். மலிவான கருவிகளில் அலுமினியம் பூசுவார்கள், அங்கே பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போகும். வெள்ளி பரவாயில்லை. மின்கடவாப் பொருள்களை அடுக்கடுக்காகப் பூசினால் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும், செலவு ஏறும். அதோடு முடியவில்லை. அந்தப் பட்டகத்தின் கூரை போன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும்போது அலைகளின் கட்டம் பிசகி நுணுக்கம் மங்குகிறது. அதைச் சரிசெய்யும் கட்டத் திருத்தப் பூச்சை சைஸ் 1988-இல்தான் கொண்டுவந்தது. கூரை விளிம்பின் கோணத்தைப் போரோவில் தேவைப்படாத துல்லியத்தோடு தேய்த்தெடுக்க வேண்டும் என்பது வேறு செலவு.

இவ்வளவையும் செய்யும் ரூஃப் கருவிகள் அருமையானவை. பத்தாயிரம் ரூபாய்க்கு இவ்வளவையும் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். அந்த விலையில் மெலிந்த கருவியைத் தர வேண்டும் என்றால் ஏதோ ஒரு பூச்சைத் தவிர்த்திருப்பார்கள். போரோ வடிவத்தில் அந்தச் செலவுகளே இல்லாததால், கொடுக்கும் பணம் நேராக லென்ஸுக்கும் பூச்சுக்கும் போகிறது. பார்வைப்புலத்திலும் போரோ சளைப்பதில்லை. பறவை பார்ப்பவர்கள் புதியவர்களுக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் கருவியின் புலம் 8.2 டிகிரி. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள நிகான் மோனார்க் எம்5 8×42 என்ற ரூஃப் கருவியின் புலம் 6.4 டிகிரி. மோனார்க் வேறு பல விதங்களில் மேலானது. ஆனாலும், விலை கூடினால் எல்லாமே கூடும் என்ற நினைப்பு சரியில்லை என்பதற்கு இது போதும். நிகான் அக்யூலான் 8×42-உம் இதே போரோ வரிசையில் சேர்வது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை லேசானவை என்று தள்ளிவிட மாட்டேன். வலுவான மறுப்பு நீர் பற்றியது. மலிவான போரோ கருவிகளில் பல நீர் புகாதபடி அடைக்கப்பட்டவை இல்லை. தமிழ்நாட்டுக்கு வலசைப் பறவைகள் வந்து குவியும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். கருவிக்குள் ஈரம் புகுந்தால் முதலில் மூட்டம் படியும், பிறகு பூஞ்சை பிடிக்கும். முற்றிய பூஞ்சை கண்ணாடியின் பரப்பையே அரித்துவிடும். வால்பாறையிலோ மூணாறிலோ அடிக்கடி மழையில் நடப்பவர், நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவிக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதே நியாயம். அதிலும் போரோ உண்டு. நிகான் ஆக்‌ஷன் இஎக்ஸ் 8×40 அப்படிப்பட்டது. மற்றவர்களுக்கு, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். தோல் உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்குப் பிடித்த ஏற்பாடு.

இன்னொரு மறுப்பு, நம் ஊர் நீர்நிலைகளின் பரப்பு பற்றியது. கோடியக்கரையின் உப்பளங்களிலும் பழவேற்காட்டின் சேற்றுத் திட்டுகளிலும் உள்ளான்கள் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மேயும். கொசு உள்ளானையும் அதன் உறவுகளையும் எட்டு மடங்கில் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பார்கள். பிரித்தறிய முடியாதுதான். கையில் பிடிக்கும் இருபது மடங்குக் கருவியாலும் முடியாது என்பதே என் பதில். அந்த வேலைக்கு முக்காலியில் நிற்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி வேண்டும். இருபதிலிருந்து அறுபது மடங்கு வரை அதில் மாற்றிக்கொள்ளலாம். அது வேறு கருவி, வேறு செலவு. பறவைக் குழுக்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றைப் பயன்படுத்துவதே வழக்கம். மற்றபடி வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் அரிவாள்மூக்கனையும் பார்க்க எட்டு மடங்கு தாராளம்.

எடையைக் குறை சொல்பவர்கள் சொல்வது சரி. போரோ 8×40 எழுநூறு கிராமைத் தாண்டும். மெல்லிய நாடாவில் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் வலிக்கும். அகலமான பட்டையை மாட்டிக்கொள்ளலாம். கண்ணாடி அணிபவர்கள்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவர்கள். கண்வில்லையிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை விலகினாலும் முழுக் காட்சி தெரியுமோ அந்த அளவு, அவர்களுக்குக் குறைந்தது பதினைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவான போரோக்களில் பல இதில் பின்தங்குகின்றன. மேலே சொன்ன ஆக்‌ஷன் இஎக்ஸில் பதினேழு அளவில் கிடைக்கிறது. வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகியே பார்க்கலாம். பார்வைச் சிதறல் உள்ளவர்களுக்கு அது உதவாது. ஜூம் பைனாகுலர் எல்லாத் தேவைக்கும் ஒன்றாக இருக்குமே என்ற எண்ணத்தை முற்றாக விட்டுவிடுவது நல்லது. அதன் புலம் குறுகியது. இரண்டு குழாய்களிலும் நகரும் லென்ஸ்கள் ஒரே சீராக நகர்வதும் மலிவான கருவிகளில் அரிது. கேமராவின் நீண்ட ஜூம் படம் எடுக்க உதவும், பார்ப்பதற்கு இரண்டு கண்களுக்கு ஈடாகாது.

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும், அதற்கென்று தனிச் சாதனமும் வேண்டாம். முன் லென்ஸில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். மங்கிய பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. தூய வெள்ளையாக ஒரு பிரதிபலிப்பு பளிச்சிட்டால் அந்தப் பரப்பு வெறும் கண்ணாடி. பிறகு கருவியைக் கை நீட்டிப் பிடித்து, கண்வில்லைப் பக்கமாக வானத்தை நோக்குங்கள். அதில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் பட்டகம் பேக்4 போன்ற நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் பிகே7 என்ற மட்டமான வகையாக இருக்கலாம். அடுத்து தெருவுக்கு வந்து, தூரத்து மின்கம்பத்தையோ செல்போன் கோபுரத்தையோ பாருங்கள். கம்பி வானத்தோடு சேரும் விளிம்பில் ஊதா, மஞ்சள் கோடுகள் எவ்வளவு தடிப்பாகத் தெரிகின்றன என்று கவனியுங்கள். இரண்டு கண்ணாலும் சில நிமிடம் பார்த்த பிறகு கண்ணில் இழுப்போ தலைவலியோ தெரிந்தால் இரண்டு குழாய்களும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். ஒரே மாடலில் ஒன்று கோணியும் இன்னொன்று சரியாகவும் இருப்பதுண்டு. இந்த முடிவுக்கு வரும் முன், வலக் கண்வில்லையின் வளையத்தைச் சரிசெய்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலக் கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக் கண்ணுக்குக் குவியம் வைத்து, பிறகு இடக் கண்ணை மூடி வளையத்தை மட்டும் திருகி வலக் கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாததாலேயே நல்ல கருவிகள் பல கெட்ட பெயர் வாங்குகின்றன.

லட்ச ரூபாயைத் தாண்டும் ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா, சைஸ் கருவிகள் இவற்றைவிட மேலானவை என்பதில் ஐயமில்லை. காட்சியின் ஓரம் வரை கூர்மை, சுத்தமான நிறம், பல்லாண்டு உழைப்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் விலை இருபது மடங்கு ஏறும்போது காட்சி இருபது மடங்கு உயர்வதில்லை. பெரிய தாண்டல் கீழ்ப்படியில்தான் நிகழ்கிறது: சாலையோரக் கருவியிலிருந்து பெயருள்ள நிறுவனத்தின் எட்டு மடங்குப் போரோவுக்கு மாறும்போது. புதிதாகத் தொடங்குபவர் 8×40 அல்லது 8×42 போரோவை, எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். இப்போது கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், அதற்கு முப்பது மடங்குப் பொம்மையை வாங்கிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பறவைக் குழுவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போங்கள், இரவல் வாங்கிப் பாருங்கள், மீதிப் பணம் சேரும் வரை பொறுத்திருங்கள்.